தனியாகக் காயப்போட்ட துணிகள்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் பிரித்திருக்கிறீர்களே, அதற்கே முதலில் நன்றி. உங்கள் போன் அணைந்து கிடக்கிறது. அண்ணன் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை. எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நேற்று உங்கள் தெரு மாடிவீட்டு டீச்சர் போனில் கூப்பிட்டார். நலம்கூட விசாரிக்கவில்லை. "ஏம்மா, ஊர்ல இல்லாத சலவைக்கடையா? சொந்த அண்ணன் கடை தலையிலயா மண்ணை அள்ளிப் போடுவே?" என்றார். எனக்கு ஒன்றுமே புரியவில்லை அண்ணி. அவர் சொல்லச் சொல்லத்தான் நான் செய்தது என்னவென்று விளங்கியது.

நடந்தது இதுதான். போன சனிக்கிழமை கிளினிக்கில் கூட்டமில்லை. உள்ளே பல் டாக்டர் யாருக்கோ பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். வரவேற்பு மேஜையில் நான் சும்மா இருந்தேன். அப்போது இங்கே பக்கத்து வீட்டுப் பெண் ஒரு செய்தி அனுப்பினாள். கொடியில் ரத்தக்கறைத் துணிகள் தொங்கும் ஒரு படம். 'மருத்துவமனைத் துணியையும் வீட்டுத் துணியையும் ஒரே இயந்திரத்தில் சேர்த்துத் துவைக்கிறார்கள், குழந்தைகளுக்குச் சொறி பரவுகிறது, உஷார்' என்று கீழே எழுதியிருந்தது. கடைப் பெயர் இல்லை. ஊர் பெயரும் இல்லை. எங்கேயோ பெரிய கம்பெனி போலிருக்கிறது என்று நினைத்தேன். இதைப் பார்த்தால் நம் தெரு ஆட்கள் வெளியே எங்கும் கொடுக்காமல் உங்களிடமே கொடுப்பார்கள் என்றுகூட எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. ஓடிய கணக்கை எழுதினேனா? இல்லை. 'எல்லாரும் கவனமா இருங்க' என்று ஒரு வரியைத் தட்டி, நம் தெரு வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிடப் போய்விட்டேன். வீடு மாறி இந்த ஊருக்கு வந்து ஒரு வருஷமாகியும் அந்தக் குழுவில் நான் ஏன் இருந்தேனோ.

அந்தத் தெருவில் ஒரே ஒரு சலவைக்கடைதான் இருக்கிறது என்பது அப்போது என் மண்டையில் உறைக்கவில்லை.

வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று பேசுகிறவர்களை நானே எத்தனை முறை கிண்டல் செய்திருப்பேன். நீங்கள் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். திட்டவாவது ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள்
அவசரக்குடுக்கை


பிப்ரவரி 9

என் அருமை அவசரக்குடுக்கைக்கு,

உன் அண்ணன் சின்ன வயதில் உனக்கு வைத்த பெயர் பொய்யாகவில்லை, போ.

உன் கடிதம் வந்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, நின்றபடியே படித்தேன். அழுதேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இந்தப் பத்து நாளும் என் மனதை அரித்தது ஒன்றே ஒன்றுதான். கடை நொடித்தது அல்ல. 'அவள் தெரிந்து செய்தாளா?' என்ற கேள்விதான். கல்யாணமாகி வந்த நாளில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணி, இந்த வீட்ல யாரு குறட்டை விடுவாங்க, யாரு பொய் சொல்லுவாங்கன்னு நான் சொல்றேன் கேளுங்க" என்றவள் நீ. அவள் தெரிந்து செய்திருக்க மாட்டாள் என்று ஒரு மனம் சொல்லும். சொந்த நாத்தனாரே போட்டிருக்கிறாளே என்று இன்னொரு மனம் இடிக்கும். இப்போது அந்த இரண்டாவது மனம் வாயை மூடிக்கொண்டது. எழுதியதற்கு நன்றியம்மா.

இங்கே நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். உன் செய்தி வருவதற்கு முன்பே அந்தப் படம் தெருவில் சுற்றியிருக்கிறது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உன் பெயரில் வந்த பிறகுதான் தீப்பிடித்தது. தையல்காரம்மா என் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "கிளினிக்ல வேலை பாக்குறவ, அதுவும் உன் வீட்டுக்காரரோட தங்கச்சி. அவளே சொல்றப்ப நாங்க எப்படி நம்பாம இருக்கிறது? நெருப்பில்லாமப் புகையுமா?" நான் சொன்னேன், "எங்க கடையில நெருப்பில்லாமத்தான்கா தினமும் புகையுது, அதுக்குப் பேரு நீராவி." அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கொடுத்திருந்த துணியைத் துவைக்காமலே திருப்பி வாங்கிக்கொண்டு போனார்.

தங்கும் விடுதி மேலாளரும் படுக்கை விரிப்புகள் அனுப்புவதை நிறுத்திவிட்டார். நம் இரண்டு இயந்திரத்தில் பெரியது ஓடுவதே அந்த விடுதிக்காகத்தான் என்பது உனக்குத் தெரியும். ஒரு மாதத்துக்குள் அவர் மனம் மாறாவிட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

அந்தப் படத்தை இன்னொரு தடவை உற்றுப் பார். கொடிக்குப் பின்னால் உடைந்த ஜன்னல் தெரியும். அது நம் கடையின் கொல்லைப்புறம். தொங்குவது நம்மிடம் துணி போடும் நாடகக்காரரின் துணிகள். சண்டைக் காட்சிக்கு ஊற்றிக்கொள்வார்களே, சர்க்கரைப் பாகும் சிவப்புச் சாயமும் கலந்த ரத்தம், அந்தக் கறை. சாயம் மற்றவர்கள் துணியில் இறங்கிவிடக் கூடாது என்று தனியாக அலசி, தனியாகக் கொடி கட்டிக் காயப்போட்டிருந்தேன். சேர்க்கக் கூடாது என்று நான் பிரித்துப் போட்டதைப் படம் பிடித்து, சேர்த்துத் துவைக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார்கள்.

யார் என்று கேட்பாய். நம் பழைய வண்டிக்காரர்தான். இப்போது சொந்தமாகச் சலவை வண்டி ஓட்டுகிறாரே, அவரேதான். அவர் போனிலிருந்துதான் முதலில் வந்தது என்று தையல்காரம்மா காட்டினார். நம்மிடம் இருந்தபோது நாடகக்காரரிடமிருந்து அந்த மூட்டையை ஏற்றி வந்தவரே அவர். மூட்டை கசிந்து அவர் சட்டையெல்லாம் சிவப்பாகிவிட்டது. அந்தக் கறையை என் கையால் எடுத்துக் கொடுத்தேன். அது என்ன கறை என்று என்னையும் நாடகக்காரரையும் தவிர நன்றாகத் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான்.

அதனால் உன்னையும் அவரையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது. நீ தெரியாமல் செய்தாய், அவர் தெரிந்து செய்தார். ஆனால் நம்பிக்கை என்ற சாமான் அவர் வண்டியில் இல்லை. அதை ஏற்றி அனுப்பியது நீ. இதையும் சொல்லாமல் விட்டால் நான் உனக்கு அண்ணி இல்லை.

உன் அண்ணனுக்குக் கோபம் இறங்கவில்லை. 'தங்கச்சி' என்ற சொல்லே வாயில் வருவதில்லை. 'உன் நாத்தனார்' என்கிறார். வாசற்படி மிதிக்கக் கூடாதாம். கொஞ்சம் ஆறட்டும்.

அன்புடன்
அண்ணி


பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். 'தெரியாமல் செய்தாய்' என்ற இடம் வரும்போதெல்லாம் மூச்சு வந்தது. அடுத்த வரியில் போய்விட்டது. இரண்டும் உண்மைதான். இரண்டுக்கும் நன்றி.

படம் அனுப்பிய பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போய்க் கேட்டேன். அவளுக்கு அக்கா அனுப்பினாளாம். அக்காவுக்கு யாரோ ஒரு தோழி. ஒருத்திக்கும் கெட்ட எண்ணமில்லை. எல்லாருக்கும் ஊர்க் குழந்தைகள்மேல் அக்கறை. இத்தனை நல்லவர்கள் கைமாற்றித்தான் அந்த ஆளின் பொய் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. ஒருத்தியாவது 'இது எந்தக் கடை?' என்று கேட்டிருந்தால் அங்கேயே நின்றிருக்கும். கிளினிக்கில் இருக்கிற நானே கேட்கவில்லையே.

அண்ணி, இப்போது ஒரு விஷயம். கவனமாகக் கேளுங்கள்.

அந்த வண்டிக்காரரின் வண்டி பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் படம் ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் எங்கள் கிளினிக்குக்கு வருவார். அவர் அங்கே எடுத்தது. வண்டியில் 'சலவை' என்று கொட்டை எழுத்தில் பளிச்சென்று தெரிகிறது. பக்கத்தில் ஒரு மூட்டை வேறு. வண்டிக்காரரின் மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்திருக்கிறார்களாம். மூட்டையில் மாற்றுத்துணிதான் இருக்கும். அது நமக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதே!

நான் ஒரு பொய்கூட எழுதப் போவதில்லை. படத்தைப் போட்டு, 'இந்த வண்டி எங்கே நிற்கிறது பாருங்கள்' என்று ஒரு வரி. மீதியை ஊரே எழுதிக்கொள்ளும். நம் கடைக்கு எதிராக அப்படித்தானே எழுதிக்கொண்டது? நான் கெடுத்ததை நானே நேராக்கிவிடுவேன். விடுதி மேலாளர் மறுநாளே உங்களிடம் ஓடி வருவார். கொட்டினால்தான் தேள், கொட்டாவிட்டால் பிள்ளைப்பூச்சி. எத்தனை நாள் பிள்ளைப்பூச்சியாக இருப்பீர்கள்?

எல்லாம் தயாராகத் தட்டி வைத்திருக்கிறேன். போன தடவை போல விரல் முந்திக்கொள்ளக் கூடாது என்று இந்தத் தடவை உங்களைக் கேட்கிறேன். 'சரி' என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், போதும்.

உங்கள்
அவசரக்குடுக்கை


பிப்ரவரி 18

அன்பு நாத்தனாருக்கு,

வேண்டாம்.

இந்த ஒரு வார்த்தை உன் கையில் சீக்கிரம் கிடைக்க வேண்டுமே என்று காலையிலேயே தபால்நிலையத்தில் போய் நிற்கப் போகிறேன். நீ தட்டி வைத்திருப்பதை அழித்துவிடு. அழித்ததாக எனக்கு எழுது.

உன்மேல் கோபமில்லை. எனக்காகத்தான் துடிக்கிறாய் என்று தெரியாதா? ஆனால் நீயே எழுதியிருக்கிறாய் பார், 'அது நமக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாதே' என்று. அந்த இடத்தைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. போன தடவை நீ இருட்டில் கால் தடுக்கி என்மேல் விழுந்தாய். எனக்கு வலித்தது, நீயும் அழுதாய், முடிந்தது. இந்தத் தடவை விளக்கைப் போட்டுக்கொண்டு, ஆளைப் பார்த்து, பிடித்துத் தள்ளப் போகிறாய். முதலாவதை நான் மன்னித்தாயிற்று. இதை மன்னிக்கிற மனம் என்னிடம் கிடையாது. ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருக்கலாம். நம்ப வைக்க நினைப்பது பொய் என்று உனக்கே தெரிகிறதல்லவா? பிறகு உனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம் சொல்லி நான் உன் அண்ணனிடம் வாதாடுவேன்?

அந்தப் பெண்ணை யோசித்துப் பார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். வண்டியில் நோய்த்துணி ஏற்றுகிறவர் வீட்டுப் பிள்ளை என்று ஒருத்தரும் தொட்டுப் பார்க்க மாட்டார்கள். அவள் என்ன செய்தாள்?

வண்டிக்காரரை முந்தாநாள் ரொட்டிக் கடையில் பார்த்தேன். விடவில்லை, கேட்டேவிட்டேன். "ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்றேன். "எனக்கென்னங்க தெரியும், எனக்கு வந்ததைத்தான் நானும் அனுப்புனேன்" என்றார். உன் பக்கத்தில் வந்து நின்றுகொள்ளப் பார்க்கிறார், கவனி. தெரியாமல் செய்தவர்கள் கூட்டத்தில் ஒளிந்துகொண்டால் யாருக்கும் அடையாளம் தெரியாது என்ற நினைப்பு. நான் சத்தம் போடவில்லை. "உங்க சட்டையில கறை முழுசாப் போயிடுச்சாங்க?" என்று மட்டும் கேட்டேன். ரொட்டியை வாங்காமலே போய்விட்டார்.

நெசமாகவே ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்தால், இங்கே வா. போனில் அனுப்பியதைக் காலால் நடந்து திருப்பி வாங்கு. உனக்குத் தெரிந்ததை மட்டும் சொல், அதற்குமேல் ஒரு பொட்டுகூட வைக்காதே. வாசற்படியைப் பற்றிக் கவலைப்படாதே, மாடிவீட்டு டீச்சர் உனக்கு இடம் தருவதாகச் சொல்லிவிட்டார்.

ஒன்று மட்டும். கேட்டாயே, அதற்கு நன்றி.

அண்ணி


மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். கால் இரண்டும் வீங்கி, என் வீட்டுக்காரர் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். "தெருவையே அளந்துட்டு வந்தியா?" என்கிறார். அளக்கத்தான் செய்தேன்.

அந்தச் செய்தியை உங்கள் கடிதம் வந்த நிமிஷமே அழித்துவிட்டேன். கிளம்புகிற அவசரத்தில் எழுத மறந்து, அங்கே வந்தும் சொல்ல மறந்தேன். இப்போது எழுத்தில் சொல்கிறேன்: அழித்துவிட்டேன். அந்தக் குழந்தையை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது. அண்ணி, என்னை ஒரு பெரிய பாவத்திலிருந்து இழுத்துப் போட்டீர்கள். கடனைத் திருப்பிக் கொடுக்கலாம். இதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை, நன்றி என்று எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

வீடு வீடாகப் போனேனே, அங்கே நடந்ததையெல்லாம் உங்களிடம் உட்கார்ந்து சொல்ல நேரமே இல்லை. முதல் வீட்டில், "நான் போட்டது பொய்ங்க. பொய்ன்னு எனக்குத் தெரியாது. ஆனா விசாரிக்காமப் போட்டேன், அது என் தப்பு" என்று பாடம் மாதிரி ஒப்பித்தேன். அந்த வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "இதுக்கா பஸ் ஏறி வந்தே? போன்ல ஒரு வரி போட்டா ஆகாதா?" என்றார். "ஒரு வரி போட்டதுலதாங்க இவ்வளவும் வந்துச்சு" என்றேன்.

சிலர் கதவைத் திறக்கவில்லை. சிலர் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்துவிட்டு, கேட்டுவிட்டு, "ஆனாலும் எதுக்கு ரிஸ்க்கு?" என்றார்கள். பொய் ஓடிய வேகத்தில் உண்மை ஓடாது போல. தையல்காரம்மாதான் என்னை ஆச்சரியப்படுத்தினார். நான் பேசி முடித்ததும் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, "நானும் நாலு பேருக்கு அனுப்பினேன்டி. வா, நானும் வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு மீதித் தெரு முழுக்க நாங்கள் இரண்டு பேரும் ஜோடியாகத்தான் போனோம். அவர் போட்ட சத்தத்தில் திறக்காத கதவும் திறந்தது.

நாடகக்காரரையும் பார்த்தேன். "எங்க ரத்தத்துக்காக நீங்க கண்ணீர் விடுறீங்களா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஏதாவது செய்வதாகச் சொன்னார். என்ன என்று சொல்லவில்லை.

அண்ணனை மூன்று நாளும் முதுகுப்பக்கமாகத்தான் பார்த்தேன். நான் கடைக்குள் வந்தால் அவர் இயந்திரத்துக்குப் பின்னால் போய்விடுவார். இயந்திரத்துக்கு அவ்வளவு எண்ணெய் தேவையா அண்ணி? கடைசி நாள் கடையிலேயே பையை வைத்துவிட்டுச் சுற்றினேன் அல்லவா? இங்கே வந்து திறந்தால், அழுக்காகச் சுருட்டி வைத்த என் நீலச் சட்டை துவைத்து, தேய்த்து, மேலாக இருக்கிறது. இத்தனை வேலைக்கு நடுவில் இதையும் செய்தீர்களா?

உங்கள்
அவசரக்குடுக்கை


மார்ச் 11

அன்பு நாத்தனாருக்கு,

நல்ல செய்தியிலிருந்து தொடங்குகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவாய். விடுதி மேலாளர் விரிப்புகளை மறுபடி அனுப்பத் தொடங்கிவிட்டார். எல்லாவற்றையும் அல்ல, பாதி. பெரிய இயந்திரம் இன்று காலை உறுமியபோது, அதன் மூடியைத் தட்டிக் கொடுத்தேன்.

எல்லாம் உன் நாடகக்காரர் புண்ணியம். ஞாயிற்றுக்கிழமை காலை தன் ஆட்களோடு கடை வாசலில் வந்து நின்றார். ஒரு வாளி, சர்க்கரைப் பாகு, சாயப்பொடி. தெருவே கூடிவிட்டது. வாளியில் கலக்கி, "இதுதாங்க அந்த ரத்தம்!" என்று ஒரு வெள்ளைத் துணியை முக்கி எடுத்து உயர்த்தினார். அச்சு அசல் அந்தப் படம் மாதிரியே இருந்தது. அப்புறம் மனிதர் வாளிக்குள் விரலை விட்டு நக்கினார் பார்! "பாகு கொஞ்சம் தூக்கல்" என்றார். அவ்வளவுதான், சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆனது. விடுதி மேலாளரும் கூட்டத்தில் நின்றிருக்கிறார், நான் கவனிக்கவில்லை. அவரும் ஒரு விரல் நக்கிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு மூட்டை அனுப்புறேன்மா" என்று போனார்.

எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். 'எதுக்கு ரிஸ்க்கு' வீடுகள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் கடை பூட்டாது. இதை எழுதும்போதே கண் நிறைகிறது. நீ நடந்த நடைக்கு நான் என்ன சொல்ல. நன்றி என்பது சின்னச் சொல்லாக இருக்கிறது, என்னிடம் இருப்பது அதுதான்.

வண்டிக்காரருக்குப் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். நான் போய்ப் பார்க்கவில்லை, அந்த அளவுக்குப் பெரிய மனசு எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் அந்தம்மா குழந்தையோடு கடையைத் தாண்டிப் போனபோது, தையல்காரம்மா ஓடிப்போய்ப் பிள்ளையை வாங்கிக் கொஞ்சினார். பின்னாலேயே நாலு பேர் கூடிவிட்டார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அழித்த அந்த ஒரு வரியைத்தான் நினைத்துக்கொண்டேன்.

உன் இரண்டாவது கடிதத்தை, அதுதான் அந்த வண்டிப் படக் கடிதம், உன் அண்ணனிடம் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே. இன்னும் எரிந்து விழுவார் என்று பயந்துகொண்டேதான் கொடுத்தேன். படித்தார். மறுபடி படித்தார். "முதல் தடவை யாரையும் கேக்கல. ரெண்டாந்தடவை உன்னைக் கேட்டுட்டுத்தானே நின்னா?" என்றார். "ஆமா" என்றேன். நீ இங்கே வருவதற்கு முந்தின நாள் நடந்தது இது.

நீலச் சட்டையைப் பற்றிக் கேட்டிருந்தாய். நான் இல்லை. கழுத்துப்பட்டியைத் திருப்பிப் பார், அந்த மடிப்பு யார் கை என்று உனக்குத் தெரியாதா? எண்ணெய் போடுகிறாராம், எண்ணெய்.

கடிதத்தை மடிக்கப் போனேன். "இரு" என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். அவர் கையெழுத்தைப் படிக்க முடியாவிட்டால் என்னைக் குறை சொல்லாதே.

அன்புடன்
அண்ணி

அவசரக்குடுக்கைக்கு,
அழுக்குத் துணியை நல்ல துணியோடு சேர்த்து மடித்து வைக்கிற பழக்கம் உனக்கு இன்னும் போகவில்லை. அடுத்த தடவை வரும்போது தனிப் பையில் போட்டுக் கொண்டுவா. டீச்சர் வீட்டுக்குப் போகாதே, நேராக இங்கே வா.
அண்ணன்